ஈசிஜி தாள் போகிறது, கதை போவதில்லை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், 'இதயம் காப்போம்' திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும், சென்னையின் நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், 108 ஊர்தியில் ஓடும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

இந்த ஊரில் ஈசிஜி எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவள் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். மருத்துவர் அல்ல. மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு என்று மின்முனைகளை ஒட்டி, பொத்தானை அழுத்தி, தாளைக் கிழித்து மருத்துவர் கையில் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. அதைப் படித்து முடிவு சொல்லும் உரிமை எனக்கு இருந்ததில்லை. ஆனால் ஈசிஜி எடுப்பவருக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. நோயாளியின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, களிம்பு தடவி, மின்முனைகளைப் பொருத்தும் சில நிமிடங்களில், உடன் வந்தவர்கள் நடந்ததையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதையும் எங்களிடம் சொல்வார்கள். அந்த வசதியால் தெரிந்துகொண்ட ஒன்றைத்தான் இப்போது உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயங்கி விழுந்தோ, மூச்சுத் திணறியோ வருகிற ஒருவரின் ஈசிஜியில் மாற்றம் தெரிந்து, மாரடைப்பு என்று சந்தேகித்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுப்பதற்கு முன்னால், "இது தொடங்கியபோது திடீரென்று தலை வலித்ததா?" என்று கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். பதில் 'ஆம்' என்றால், தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை அந்த மருந்துகள் நிற்கட்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்களில் மருத்துவம் படித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுகளுக்கு இடையே, தண்டுவட நீர் ஓடும் இடத்தில் ரத்தம் கசிவதை சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்கிறார்கள். தலையில் அடிபட்டு வருவதை விட்டுவிட்டால், இப்படிக் கசிவதில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்குக் காரணம், மூளையின் அடிப்பகுதித் தமனியில் இருந்த ஒரு சிறு புடைப்பு வெடிப்பதுதான். அனியூரிசம் என்பார்கள். பெரும்பாலும் தமனிகள் கிளை பிரியும் முனைகளில் அது உருவாகிறது. அந்தத் தமனிகள் கைகோத்து நிற்கும் வளையத்தை தாமஸ் வில்லிஸ் தம் மூளை உடற்கூற்று நூலில் விவரித்தது 1664-இல். அதே ஆண்டு நவம்பரில்தான் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நாம் இன்று ஜி.எச். என்று அழைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதுவே தொடக்கம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செய்திகள்தான். இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே வயது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

புடைப்பு வெடிக்கும் நொடியில் மண்டைக்குள் அழுத்தம் எகிறுகிறது. சில நேரம் தமனியின் அழுத்தத்தையே எட்டிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் ஓரிரு கணம் நின்றேபோகலாம். அதனால்தான் சிலர் "ஐயோ தலை" என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிடுகிறார்கள். உடலின் தானியங்கி நரம்புகளை ஆளும் ஹைப்போதலாமசும் இன்சுலா என்ற புறணிப் பகுதியும் அந்த அதிர்ச்சியில் சிக்கும்போது, ஆபத்து வேளையில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் வழியாக ஒரு வெள்ளம் பாய்கிறது. அவை சுரக்கும் நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ரத்தத்தில் மட்டும் கூடுவதில்லை. இதயத் தசைக்குள்ளேயே முடிகிற நரம்பு முனைகளிலிருந்து நேரடியாகத் தசையின் மேல் கொட்டுகிறது. தசைச் செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி நுழைகிறது. சுருங்கிய தசை தளர முடியாமல் அப்படியே மாட்டிக்கொள்கிறது. இப்படி இறந்தவர்களின் இதயத் தசையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள், அந்தச் சுருக்கம் பட்டை பட்டையாகப் பதிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் அடைப்பே இருக்காது. கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருக்கலாம்.

தெருமுனை மின்மாற்றி வெடித்து, மின்னழுத்தம் எகிறி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எரிந்துபோனால் என்ன செய்வோம்? பழுது பார்ப்பவர் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறார். கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் தெருவில் மின்மாற்றி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

தாளில் இது எப்படித் தெரியும் என்பதை என் தொழில் மொழியில் சொல்கிறேன். ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் விழும் கோட்டின் பகுதிகளை ஆங்கில எழுத்துகளால் அழைப்போம். டி அலை தலைகீழாக, ஆழமாக, அகலமாக, இரு பக்கமும் ஒரே அளவில் இறங்கியிருக்கும். க்யூடி இடைவெளி நீண்டு கிடக்கும். சில நேரம் யு அலை துருத்திக்கொண்டு நிற்கும். எஸ்டி பகுதி ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். முதல்முறை பார்க்கும்போது மின்முனையைத் தவறாக ஒட்டிவிட்டோமோ என்ற சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி ஒட்டி எடுப்போம். அதே படம் மறுபடி வரும். மூத்த இதய மருத்துவர் ஒருவர் அதை 'மூளை டி அலை' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதை அறிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. 1947-இல் பையர், ஆஷ்மன், டோத் என்ற மூவர், பெரிய டி அலையும் நீண்ட க்யூடியும் கொண்ட ஈசிஜிகளைப் பற்றி எழுதியபோதே மூளை ரத்தக்கசிவு நோயாளி பற்றிய குறிப்பு வந்துவிட்டது. 1954-இல் பர்ச், மெயர்ஸ், அபில்ட்ஸ்காவ் மூவரும், பக்கவாதத்தில் காணும் ஈசிஜி வடிவம் என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய 1950-ஐ ஒட்டிய காலம் அது. ஆகவே இது நேற்று வந்த கண்டுபிடிப்பு என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஈசிஜியோடு நின்றால் பரவாயில்லை. மாரடைப்பை உறுதிசெய்ய நாம் நம்பியிருக்கும் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் இங்கே காலை வாரிவிடும். இந்த ரத்தக்கசிவு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிரோபோனின் உயர்ந்திருக்கும். ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோவில், இதயத்தின் சுவர் சில இடங்களில் அசையாமல் நிற்கும். கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு உண்டு: அசையாத பகுதி ஒரே தமனியின் எல்லைக்குள் அடங்காமல், நரம்புகள் பரவிய வழியில் பரவியிருக்கும், பல நேரங்களில் இதயத்தின் நுனி தப்பித்திருக்கும். நுனியே பலூன் போல உப்பும் வகையும் உண்டு. அதை ஜப்பானியர்கள் 1990-இல் விவரித்து டகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். பெரும் துக்கச் செய்தி கேட்டவர்களுக்கு வருவதாகச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்களே, அதேதான். ஆனால் இந்த வேறுபாடுகளை நள்ளிரவில், கையடக்க எக்கோ கருவியில், மூச்சிரைக்கும் நோயாளியிடம் கண்டுபிடிப்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஈசிஜியை மட்டும் வைத்து இது மூளையா, இதயமா என்று உறுதியாகப் பிரிக்கவே முடியாது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

தாள், ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றும் சேர்ந்து 'மாரடைப்பு' என்று சாட்சி சொல்கின்றன. மறுத்துச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, நோயாளியோடு வந்தவர் வாயில் இருக்கிறது. அவரை யாரும் கேட்பதில்லை.

என் அண்ணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரம்பூர் பக்கம் வீடு. ஐம்பதைத் தாண்டியவர். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறந்த நாள்களும் உண்டு. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாந்தி எடுத்திருக்கிறார். பிறகு நினைவில்லை. சில நிமிடங்களில் கண் விழித்தாலும் மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உடலெல்லாம் வியர்வை. ஈசிஜியில் எஸ்டி மாற்றம், டிரோபோனின் பாசிட்டிவ். "ஹார்ட் அட்டாக், உடனே மாத்திரை கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். என் அண்ணன் மகன் போட்டான். அந்த நேரத்தில் யார்தான் போடாமல் இருப்பார்கள்? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கூடவே ஹெப்பாரின் ஊசி; மூன்றுமே ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அன்று மாலையே, இதயத் தமனிகளைப் படமெடுக்கும் ஆஞ்சியோ. "அடைப்பு எதுவும் இல்லை, அதிர்ஷ்டசாலி" என்று சொல்லி வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே, இரவில், வலிப்பு வந்தது. அதன்பிறகுதான் தலைக்கு ஸ்கேன். மூளையின் அடிப்பகுதி முழுக்க வெள்ளையாக ரத்தம்.

அண்ணி பிழைத்துக்கொண்டார். வேறு ஓர் ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பிச்சுருள் வைத்து புடைப்பை அடைத்தார்கள். இதயத்தின் இயக்கம் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இந்த வகைப் பாதிப்பு பெரும்பாலும் அப்படித்தான் தானாகவே தேறும். மூளை அவ்வளவு தேறவில்லை. இடது கை பாத்திரம் பிடிப்பதில்லை. தொலைக்காட்சித் தொடரில் யார் யாருக்கு உறவு என்று என்னிடம் கேட்கிறார். முன்பெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கையில் இருந்த தாள்கள் எல்லாம் அவரிடம் மாரடைப்பு என்றே சொல்லின. அவர் விரைந்து செயல்பட்டார். விரைந்து செயல்படுங்கள் என்றுதானே எல்லோரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பிறகு நான் மருத்துவக் குறிப்புகளை வாங்கிப் படித்தேன். வயது, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. 'தலைவலி' என்ற சொல் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவரை ஆட்டோ வாடகை கொடுக்கச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள்.

தலைவலியைக் கோட்டைவிடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த ரத்தக்கசிவோடு வந்த 482 பேரில் 56 பேருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. அதிகம் சொல்லப்பட்டது ஒற்றைத் தலைவலி, மன இறுக்கத் தலைவலி. அதிகம் நேர்ந்த தவறு, சி.டி. எடுக்காமல் விட்டது. நம் வீடுகளில் பெண்களின் தலைவலிக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள்: பித்தம், சூடு, வெயில், தூக்கமின்மை, மாமியார். இந்த ரத்தக்கசிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

இப்போது 'இதயம் காப்போம்' திட்டத்துக்கு வருகிறேன். 2023-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் துணை நிலையத்துக்கும் வருகிறவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது உயிர் காக்கும் வேலை. அதைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ நான் எழுதவில்லை. ஆனால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் வயிற்றுக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாதவை. ஹெப்பாரினுக்காவது மாற்று மருந்து உண்டு. இந்த இரண்டும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முடியும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள்வரை, செயலிழக்க வைக்கின்றன. வெடித்த புடைப்பு மறுபடியும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. மண்டையைத் திறக்கவேண்டிய நேரத்தில் தட்டணு வேலை செய்யாவிட்டால், அறுவை மருத்துவர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேசோ டெனெக்டிப்ளேசோ போட்டுவிட்டால் பேச்சே இல்லை.

கையேட்டில் இந்த எச்சரிக்கை எங்காவது இருக்கத்தான் செய்யும். கையேடு எங்கே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்: பூட்டிய அலமாரியில், சாவி விடுப்பில் போனவரிடம். நான் கேட்பது, அந்த 14 மாத்திரைகள் வைத்திருக்கும் உறையின் மேலேயே, பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும் என்று. திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட தலைவலி உண்டா? விழுந்தபோது நினைவு தப்பியதா, வாந்தி, வலிப்பு வந்ததா? கழுத்து இறுகியிருக்கிறதா, ஆள் அரைத்தூக்கத்தில் இருக்கிறாரா? தலைவலிக் கேள்விக்கு 'ஆம்' என்றாலோ, ஆள் தெளிவில்லாமல் நெஞ்சுவலி என்றே சொல்லாமல் இருந்தாலோ, உறையைப் பிரிக்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அவ்வளவுதான். காய்ச்சலுக்கு வந்தவரிடம் எத்தனை நாளாக என்று கேட்பதைவிடக் குறைந்த நேரம் ஆகும்.

ஓர் ஆட்சேபம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். உண்மையான மாரடைப்பு நோயாளிகள் ஆயிரம் பேர் வரும்போது, எங்கோ ஒருவருக்கு வருகிற மூளைக் கசிவுக்காக எல்லோரையும் நிறுத்திவைக்கலாமா? நியாயமான கேள்வி. பக்கவாதம் என்று சொல்லப்படுபவற்றில் இந்த வகைக் கசிவு நூற்றுக்கு ஐந்துதான். மாரடைப்போடு ஒப்பிட்டால் இன்னும் அரிது. ஆனால் நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இடது கை இழுக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறவரிடம் கேள்வி கேட்டு முடிக்க அரை நிமிடம். மாத்திரை அடுத்த நொடி. இடி விழுந்தாற்போன்ற தலைவலியோடு தொடங்கும் மாரடைப்பு மிக மிக அரிது. எனவே இந்தக் கேள்வியால் தாமதமாகப்போவது யாருக்குத் தாமதமாக வேண்டுமோ அவர்களுக்கு மட்டும்தான். சி.டி. எடுக்கச் சில நிமிடங்கள் போதும். கசிவு தொடங்கிய முதல் 6 மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்து, தேர்ந்த கதிரியக்க மருத்துவர் பார்த்தால் ஏறக்குறைய எந்தக் கசிவும் தப்பாது. நேரம் கடந்துவிட்டால் முதுகுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, படம் அனுப்பும் முறை. இப்போதெல்லாம் சிறிய மையத்தில் எடுத்த ஈசிஜியைக் கைபேசியில் படம் பிடித்து, பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர் எங்கோ போக்குவரத்து நெரிசலில், அல்லது சாப்பாட்டு மேசையில், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 'அந்த மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பு' என்கிறார். நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் போவது தாள் மட்டும். ஆணா பெண்ணா என்பதுகூடச் சில நேரம் போவதில்லை. தாளோடு மூன்று வரி போக வேண்டும்: என்ன செய்துகொண்டிருந்தபோது, முதலில் எது வந்தது, இப்போது நினைவு எப்படி இருக்கிறது. அந்த மூன்று வரி இல்லாத படத்துக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று இதய மருத்துவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஒரே வாரத்தில் வழக்கம் மாறிவிடும். எழுதவேண்டியது யார் என்று கேட்டால், என் இனத்தார்தான்: ஈசிஜி எடுப்பவர்கள். கதை எங்கள் காதில்தான் விழுகிறது. எழுதும் அதிகாரத்தை எங்களுக்குக் கொடுங்கள். 'டெக்னீஷியன் வேலையைப் பார்' என்று எங்களைத் துரத்தாதீர்கள்.

தாள் பற்றி இன்னொன்று. வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் சில மாதங்களில் வெளிறிப்போகிறது. சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரம். ஒருவருடைய பழைய ஈசிஜியோடு புதியதை ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா பழையதா என்று தெரியும். கோப்பில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது? படமெடுத்து வைக்கவோ நகலெடுத்துக் கொடுக்கவோ ஓர் ஆணை போடுங்கள். இது இந்த நோய்க்கு மட்டுமான கோரிக்கை அல்ல, தெரியும். வாய்ப்புக் கிடைத்ததால் சேர்த்துவிட்டேன்.

108-இல் பணியாற்றும் பிள்ளைகளுக்கு: உங்கள் படிவத்தில் 'விழுந்ததைப் பார்த்தவர் யார், அவர் எண் என்ன' என்று ஒரு கட்டம் வேண்டும். முடிந்தால் அவரையே வண்டியில் ஏற்றுங்கள். மூளைக் கசிவு என்று சந்தேகம் வந்தால், அருகில் ஆஞ்சியோ வசதி இருக்கிறதே என்று போகாமல், சி.டி.யும் நரம்பியல் அறுவையும் இரவிலும் இயங்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஜி.எச்., ஸ்டான்லி போன்ற இடங்கள் இருக்கிற ஊரில் இதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. அத்தகைய நோயாளிகளில் சிலர் வழியிலேயே நாடி நின்றுபோய் வருவார்கள். நாடி திரும்பிய பிறகும் காரணம் இதயம் மட்டுமே என்று முடிவுகட்டிவிடாமல் தலையையும் படமெடுக்கச் சொல்லுங்கள். வாயில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்த அடையாளம். மூளை வெடித்தாலும் அது வரும்.

நரம்பியல் பிரிவுகளுக்கும் ஒரு சொல். அங்கே தவறு தலைகீழாக நடக்கிறது. தலையில் ரத்தம் என்று தெரிந்தவுடன் இதயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். க்யூடி நீண்டிருக்கிறவருக்குப் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். வாந்திக்குப் போடும் சில ஊசிகளும் க்யூடியை மேலும் நீட்டும். மூளைத் தமனிகள் இறுகுவதால் வரும் சேதத்தைக் குறைக்க நிமோடிபின் மாத்திரை 60 மில்லிகிராம் வீதம் நான்கு மணிக்கு ஒருமுறை 21 நாள் கொடுப்பார்கள். அது ரத்த அழுத்தத்தை இறக்கும். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை மூளைத் தமனிகள் இறுகும் காலம். அப்போது ரத்த அழுத்தத்தை ஏற்றவேண்டியிருக்கும். ஏற்கெனவே சோர்ந்த இதயத்தை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நடுவில் நிறுத்துவது கயிற்றின்மேல் நடக்கிற வேலை. சேர்ந்த அன்றே ஈசிஜி, டிரோபோனின், எக்கோ மூன்றையும் எடுத்து வைத்தால்தான் அது முடியும். "இதயம் பலவீனம், மயக்கமருந்து தாங்காது, இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்று புடைப்பை அடைக்காமல் தள்ளிப்போடுவது பற்றியும் யோசியுங்கள். இந்த இதயம் தேறும். மறுபடி வெடித்த மூளை தேறாது. இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒரே அறையில் நின்று, நோயாளியின் உறவினர் காதுபடப் பேசி முடிவெடுத்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைதான்.

பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதும் உங்கள் துறையின் வேலைதான் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். யார் விழுந்தாலும் நாக்குக்கு அடியில் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட், வாயில் ஆஸ்பிரின் என்று கைபேசியில் சுற்றும் செய்திகளை நம்பிப் பல வீடுகளில் பூஜை அறை அலமாரியில் மாத்திரை தயாராக இருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு அவை வேண்டாம். டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பாதி மயக்கத்தில் இருந்தால் எதையும் வாயில் போடக்கூடாது, தண்ணீர் உள்பட. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி, அது எந்தக் காரணமாக இருந்தாலும். புகைப்பதும் கட்டுப்படாத ரத்தக்கொதிப்பும் அந்தப் புடைப்பை வளர்த்து வெடிக்க வைப்பவை. குடும்பத்தில் இருவருக்கு வந்திருந்தால் மற்றவர்கள் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு வீடாக ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டுபோகிற தோழியரிடம் இந்த ஒரு செய்தியையும் கொடுத்தனுப்புங்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

மாத்திரை உறையில் அச்சிட வேண்டிய வாசகத்தை இந்த மடலோடு தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். சொற்களை மருத்துவர்கள் திருத்தட்டும். பயிற்சி வகுப்பு வைத்தால் ஈசிஜி தொழில்நுட்பர்களையும் அழையுங்கள். பின்வரிசையில் நாற்காலி போட்டால் போதும். பெயர் மறைத்த பழைய தாள்கள் சில என்னிடம் இருக்கின்றன, வெளிறுவதற்கு முன் நகலெடுத்தவை. கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈசிஜி தொழில்நுட்பர்,
பெரம்பூர், சென்னை.